உப்புப் போட்ட தூரக்கண்ணாடி

அதெல்லாம் சும்மா அளக்குதான் பிலோமி, நீ நம்பாத. உன் கொழுந்தன் பறக்கிற கொக்கை ஒரே சூட்டுல விழத்தாட்டினானாம், அதை நீ வேலை மெனக்கெட்டு என்கிட்ட வந்து சொல்லுத. இந்தத் தூத்துக்குடியில துப்பாக்கி தூக்கின ஆம்பளையில பெரிய ஆளு யாரு தெரியுமா? ஏழு வருசம் துப்பாக்கி பிடிச்சு, ஒரு காக்காயோட ஒத்த இறகைக்கூட உதிர்க்காத மனுசன். ஒருநூல் மிலிட்டரி! அவரை மிஞ்ச இந்தக் கரையில ஒருத்தன் பிறக்கல. சிரிக்காதளா. இங்கன வந்து உக்காரு. இந்தச் சாளை மீனை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டே கேளு. வால் ஒடையாமத் திருப்பு.

அப்போ புது ஹார்பரு வேலை முடிஞ்சு பெரிய பெரிய கப்பல் உள்ள வர ஆரம்பிச்ச சமயம். எம் மூத்தவ வயித்துல. எங்க வீட்டுக்காரரு தோணியில கொழும்புக்குப் போயிருவாரு, நான் கருவாட்டுக் களத்துக்கு மீன் கீறப் போயிருவேன். மீனைக் கீறி, குடலை எடுத்து, வயித்துக்குள்ள உப்பை அமுக்கி, தொட்டியில அடுக்கி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்து வெயில்ல பரப்பணும். நான் உப்பு வச்ச சீலாக் கருவாட்டை மோந்து பாத்தே 'இது ரோசம்மா கை'ன்னு சொல்லிருவாங்க. பெருமைக்குச் சொல்லல. இந்த உப்பு வைக்கிற கை பின்னால ஒரு அநியாயம் பண்ணிச்சு, அதுக்காகச் சொல்லி வைக்கேன்.

களத்து முதலாளி விளாத்திகுளம் பக்கத்து அண்ணாச்சி. நெத்தி நிறையத் திருநீறு. சுத்த சைவம். கருவாட்டை விப்பாரு, வாயில வைக்க மாட்டாரு. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டேதான் களத்துக்குள்ள வருவாரு. தூரத்துல இருந்து பாத்தா, தன் களத்தைத் தானே கொள்ளையடிக்க வந்த மாதிரி இருக்கும்.

கருவாடு இருந்தா காக்கா வருமா வராதா? அங்கன வந்த காக்கா சாதாரண காக்காவா? ஒருநாள் வானம் கறுத்துட்டு, மழைன்னு நினைச்சு நான் பாயைச் சுருட்டிட்டேன். அண்ணாந்து பாத்தா அம்புட்டும் காக்கா. ஆளுக்கொரு நெத்திலின்னு தூக்கினாலும் சாயங்காலத்துக்குள்ள ஒரு கூடை காலி. அதான் அண்ணாச்சி காவலுக்குன்னு ஒரு ஆளைக் கொண்டாந்தாரு.

வந்தாரு பாரு! காக்கி டவுசரு. முழங்கால் வரைக்கும் சாக்ஸ். காலுல டயர் செருப்பு. தோள்ல ஒரு காத்துத் துப்பாக்கி, ஈயக்குண்டு போட்டு மடக்கிச் சுடுததுல்லா, அது. பட்டாளத்துல இருந்து வந்தவராம். பேரு என்னமோ சொன்னாரு, யாரு ஞாபகம் வச்சா. இடது கண்ணு எப்பவும் மூடியே இருக்கும். குறி பாத்துப் பாத்து அப்படியே பழகிட்டாம். முத நாளு டீக்கடைக்காரரு, 'இந்த ஆளு என்னைப் பாத்துக் கண்ணடிக்காரு'ன்னு வெக்கப்பட்டு ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டுட்டாரு.

பொண்டாட்டி பிள்ளை கிடையாது, ஊருன்னு சொல்லிக்க இடமும் கிடையாது. களத்து மூலையில ஓலைக் கொட்டகை ஒண்ணு இருந்துச்சு, அதுலதான் படுக்கை, சமையல் எல்லாம். அந்த வேலை போனா அந்தக் கொட்டகையும் போச்சு. அதை மனசுல வச்சுக்கோ.

முத நாள் ஒரு காக்காயைக் குறி வச்சாரு. மூச்சை இழுத்தாரு. நாங்க எல்லாரும் கத்தியைக் கீழ வச்சுட்டுப் பாக்கோம். டப்! காக்கா இவரைத் திரும்பிப் பாத்துச்சு. அம்புட்டுதான்.

"ஒரு நூல் தள்ளிட்டு"ன்னாரு.

ஆசாரிமாரு அளப்பாங்கள்லா, இஞ்சிக்கு எட்டு நூலுன்னு, அந்தக் கணக்கு. காக்கா வடக்க இருக்கும், குண்டு தெக்க போகும், கேட்டா ஒரு நூலு. அண்ணாச்சி சாயங்காலம் மூக்குத் துண்டோட வந்து கேப்பாரு.

"என்னவே மிலிட்டரி, இன்னிக்காவது விழுந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு நூல் தள்ளிட்டு."

"நேத்தும் ஒரு நூலு, முந்தாநாளும் ஒரு நூலு. எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தா எனக்கு ஒரு வேட்டி நெய்ஞ்சிருக்கலாமேவே!"

அப்படியே பேரு ஒட்டிக்கிட்டு. குண்டு காக்கா மேலதான் படாதே தவிர, மத்த இடத்துல எல்லாம் படும். ஒரு தடவை ஐஸ்காரரு சைக்கிள் பெல்லுல பட்டு டிங்குன்னுச்சு, அவரு யாரோ கூப்பிடுதாங்கன்னு இறங்கிட்டாரு. இன்னொரு தடவை, நான் சொன்னா நீ நம்ப மாட்ட, டீக்கடையில நிறுத்தி வச்சிருந்த கோலி சோடா வாயிலயே போய்ப் பட்டுட்டு. கோலி உள்ள விழுந்து புஸ்ஸுன்னு சோடா திறந்துட்டு. அண்ணாச்சி அதை எடுத்துக் குடிச்சுட்டு, "இதுக்காவது ஆனீரே"ன்னாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுல யோசிக்க ஒண்ணு இருந்துச்சு, எங்க யாருக்கும் தோணல.

சலேத்தம்மா இருந்தாளே, முத்துக்குளிக்கப் போன வீட்டுக் கிழவி, வாயி நிறைய வெத்தலை, அவ சொல்லுவா, "பட்டாளத்துல இவரு சோறு பொங்கினவராத்தான்ளா இருக்கணும்."

இப்படி இருக்கையில ஒருநாள் மிலிட்டரி ஹார்பரு பக்கம் போயிட்டு, ஒரு கப்பல்காரன்கிட்ட நல்ல சங்கு ரெண்டு குடுத்துட்டு, ஒரு தூரக்கண்ணாடி வாங்கிட்டு வந்தாரு. துப்பாக்கி மேல பூட்டுத குழாக் கண்ணாடி. புல்லாங்குழல் தடிச்ச மாதிரி, கறுப்பா, பளபளன்னு. நடுவுல ரெண்டு திருகு.

"இனிமே பாருங்க. குத்தம் என் கண்ணுல இல்ல, துப்பாக்கியில. இது வந்துட்டுல்லா, அண்ணாச்சி, காக்காயை எண்ணி வச்சுக்கோங்க"ன்னாரு.

பூட்டினாரு. பாத்தாரு. மூஞ்சி தொங்கிட்டு. "காக்கா கொசு மாதிரில்லா இருக்கு!"

நானும் வாங்கிப் பாத்தேன். களம் கைக்குட்டை மாதிரி இருந்துச்சு. சலேத்தம்மா எங்கேயோ சிலோன்ல நிக்கிற மாதிரி இருந்தா. நான்தான் சொன்னேன், "மாமா, தலைகீழா மாட்டியிருக்கீரு. வாய்ப்பக்கம் வாலு இருக்கு." மீனு தினம் பாக்கிறவளுக்குத் தலை எது வாலு எதுன்னு தெரியாதா? கழட்டித் திருப்பி மாட்டினாரு. அம்மாடி! முயல்தீவு லைட்டு அவுசு என் மூக்குல முட்டுது! அந்தப் பக்கம் திருப்பினேன், கடைக்குள்ள அண்ணாச்சி வாயைப் பொளந்து தூங்குதாரு, கடவாய்ப் பல்லு சொத்தை வரைக்கும் தெரியுது. அன்னிக்கு யாரும் மீன் கீறல. வரிசை கட்டி நின்னு முதலாளி சொத்தைப் பல்லைப் பாத்தோம்.

கடைசியா சலேத்தம்மா வாங்கிப் பாத்தா. பொறவு அப்படியே மணல்ல முழங்கால் போட்டுட்டா.

"ஏ மாதாவே! உள்ள சிலுவை இருக்குளா!"

குறி பாக்கிறதுக்கு உள்ள ரெண்டு கோடு போட்டிருப்பாங்கல்லா, நெட்டுக்கு ஒண்ணு, குறுக்க ஒண்ணு. எங்களுக்கு அது என்ன தெரியும்? சலேத்தம்மா நெத்தியில சிலுவை போட்டுட்டு, கண்ணாடியில இச்சுன்னு ஒரு முத்தம் குடுத்தா. அவ குடுத்தா நாங்க விடுவமா? வரிசையா எல்லாரும் குடுத்தோம். எல்லாரு வாயிலயும் வெத்தலை. மறுநாள் மிலிட்டரி கண்ணை வச்சுட்டுக் கத்துதாரு, "அய்யோ, கடல் செவந்து போச்சே!" மூணு நாள் அவரு டவுசர் பையில இருந்த துணியால துடைச்சாரு, செவப்பு கொஞ்சம் ரோஸா மாறிச்சு.

அது முடிஞ்சா அடுத்தது. சலேத்தம்மா மறுபடி பாத்துட்டு, "வே மிலிட்டரி, சிலுவை சாஞ்சிருக்கு. இது களத்துக்கே ஆகாது, நிமித்தும்"னா. உண்மைதான், பூட்டினது கோணல். அவரு திருகாணியை நெகிழ்த்திக் குழாயைப் பிடிச்சு உருட்ட, அவ கண்ணை வச்சுக்கிட்டு அதிகாரம் பண்ணுதா. "கிழக்க கொஞ்சம். போதும். அய்யோ கூடிப் போச்சு. மேற்க. ஆங், இப்ப கோயில் கோபுரச் சிலுவை மாதிரி நிக்கு."

நேராக்கியாச்சா? மிலிட்டரி காக்காயைக் குறி வச்சாரு. அவ விட்டாளா?

"யோவ்! சிலுவையில காக்காயை நிறுத்தி வச்சா சுடப் போறீரு? நாங்க உசிரோட இருக்கும்போதா?"

"அப்ப எங்கன வச்சு சுட?"

"சிலுவைக்கு வெளிய வச்சு சுடும்."

நான் நினைச்சேன், மனுசன் கோவப்படுவாருன்னு. அவரு என்னன்னா, ராசா உத்தரவு போட்ட மாதிரி சல்யூட்டு அடிச்சுட்டு, வெளிய வச்சு சுட்டாரு. காக்கா கொட்டாவி விட்டுச்சு. சாயங்காலம் அண்ணாச்சி கேட்டதுக்கு, "வேதக்காரங்க விசயம் அண்ணாச்சி, நம்ம கையில ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போறாரு!

பொறவு திருகாணி. சுட்ட அதிர்ச்சியில கண்ணாடி ஆடும். என் மீன் கீறுத கத்தி நுனியால முறுக்குவாரு. உப்புக் காத்துல ஒரு திருகாணி தானாக் கழலும், இன்னொண்ணு துருப்பிடிச்சு அசையாது. சைக்கிள் டியூப்பை வெட்டி இடையில வச்சாரு. தூண்டி போடுத நரம்பால சுத்திக் கட்டினாரு. கடைசியில துப்பாக்கி பாக்கிறதுக்குப் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு வந்தது மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த ரெண்டு திருகு. ஒண்ணு மேல கீழ, ஒண்ணு இடம் வலம். ரேடியோவுல கொழும்பு ஸ்டேசன் பிடிக்கிற மாதிரி காதைச் சாச்சுக்கிட்டு டிக் டிக்குன்னு திருகுவாரு. டிக்கை எண்ணுத வேலை எனக்கு. எனக்கு இருபதுக்கு மேல எண்ண வராது, இருபது முடிஞ்சா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவேன். அவரும் "சரியா இருக்கு ரோசம்மா"ன்னுருவாரு.

ஒருநாள் கண்ணை ரொம்ப ஒட்டி வச்சு சுட்டுட்டாரு. துப்பாக்கி பின்னால உதைச்சு, கண்ணைச் சுத்தி வட்டமாக் கன்னிப் போச்சு. அண்ணாச்சி பாத்துட்டு, "என்னவே, மூக்குக் கண்ணாடி ஒத்தையா வாங்கியிருக்கீரு?"ன்னாரு. எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயித்துல பிள்ளை உதைச்சுட்டு.

அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. அமாவாசை அன்னிக்கு மட்டும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அன்னிக்கு அவரே வாழை இலையில சோறு கொண்டாந்து வச்சு, "கா, கா"ன்னு கூப்பிடுவாரு. செத்துப்போன அவங்க அப்பா காக்காயா வந்து சாப்பிடுவாராம். அதுலயும் ஒரு நொண்டிக் காக்கா உண்டு. அண்ணாச்சி அப்பாவுக்கும் கடைசிக் காலத்துல ஒரு காலு இழுத்துட்டாம். அந்த நொண்டி வந்து இலையைத் தொட்டாத்தான் அண்ணாச்சிக்குத் தொண்டையில சோறு இறங்கும்.

மிலிட்டரி ஒருநாள் சாதாரணமாக் கேட்டாரு, "அண்ணாச்சி, மத்த நாள்ல உங்க அப்பா எங்க இருப்பாரு?"

அண்ணாச்சி மூக்குத் துண்டை இறக்கி, அவரை ஒரு பார்வை பாத்தாரு பாரு. துண்டை மறுபடி ஏத்திக் கட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

அந்த வருசம் மழை முடிஞ்சு, தை பிறந்துட்டு. சரக்கு நிறைய. காக்காயும் நிறைய. ஒரே நாள்ல ரெண்டு கூடை வாளைக் கருவாடு போச்சு. அண்ணாச்சி கொதிச்சுப்போயி வந்தாரு.

"மிலிட்டரி, இந்தா பாரும். தை அமாவாசைக்கு முந்தின நாளு நானே வந்து நிப்பேன். என் கண்ணு முன்னால ஒரு காக்கா விழணும். அதைக் கம்புல கட்டித் தொங்க விட்டாத்தான் மத்ததெல்லாம் பயப்படும். விழலைன்னா நீரு கொட்டகையைக் காலி பண்ணிட்டுப் போயிரும். வேற ஆளு சாகுபுரத்துப் பக்கம் பாத்து வச்சிருக்கேன்."

மிலிட்டரி துப்பாக்கியை எடுத்துக் கண்ணை வச்சாரு. "ஏளா, ஒண்ணும் தெரியல"ன்னாரு. நான் பாத்தேன். உள்ள ஒரே பனி. கடல்ல இருந்து வர்ற கொண்டல் காத்து ஈரம் கண்ணாடிக்குள்ள புகுந்து, பால் ஊத்தின மாதிரி இருக்கு. வெளிய துடைச்சாப் போகுமா? உள்ளல்லா இருக்கு.

இந்த வயசுல இந்த மனுசன் எங்க போவாரு? மூணு கல்லுல பானை வச்சு, தனக்கு ஒரு பிடி, களத்து நாய்க்கு ஒரு பிடின்னு பொங்கிச் சாப்பிடுத ஆளு. நான் சொல்லிட்டேன், "மாமா, ஈரம் எடுக்கணும், அம்புட்டுதான? குடும் என்கிட்ட."

அவரு கழட்டிக் குடுத்தாரு. "அரிசிப் பானைக்குள்ள ரெண்டு நாள் புதைச்சு வைளா. அரிசி ஈரத்தை இழுக்கும்"ன்னாரு. சொல்லிட்டு, பட்டாளத்துல கூட இருந்த யாரோ பழைய ஆளுக்குச் சுகமில்லைன்னு தருவைகுளத்துக்குப் போயிட்டாரு.

பிலோமி, நீயே சொல்லு. எங்க வீட்டு அரிசிப் பானையில அரிசி எம்புட்டு இருந்துச்சு? அடியில கையை விட்டுச் சொரண்டணும். எனக்கு ஒரு யோசனை. ஈரம் இழுக்கணும்னா அரிசி எதுக்கு? உப்பு இருக்கே! ஆளு நீளம் சீலா மீனையே ரெண்டு நாள்ல விறகாக் காய வைக்குது உப்பு. இந்தச் சாண் நீளக் குழாயி எம்மாத்திரம்? தொட்டிக்குள்ள இறக்கி, மேலயும் கீழயும் உப்பை மெத்தை மாதிரிப் போட்டேன்.

அதோட விட்டேனா? நான் தொழில் தெரிஞ்சவல்லா! வயித்தைத் திறந்து உள்ள உப்பு வைக்காம வெளிய மட்டும் போட்டா மீனு நாறிப் போவும். இதுக்கும் உள்ளதான ஈரம்? முன்பக்கத்து வளையத்தைத் திருகினேன், மருந்துக்குப்பி மூடி மாதிரி கழண்டு வந்துட்டு. உள்ள கைநிறைய உப்பைப் போட்டு, விரலால அமுக்கி, மூடி வச்சேன். பக்கத்துல நாலு வஞ்சிரம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி உப்பு. ஓரவஞ்சனை பண்ணல.

ரெண்டு நாள் கழிச்சு எடுத்தேன். குழாய்க்குள்ள இருந்து உப்பைக் கொட்டினா பாதிதான் கொட்டுது. மிச்சம் உள்ள பிடிச்சுக்கிட்டு, கல்லு மாதிரி. கண்ணை வச்சுப் பாத்தேன். சுண்ணாம்பு அடிச்ச சுவரு. வெயில்கூடத் தெரியல. தட்டினேன். ஊதினேன். மாதாவைக் கூப்பிட்டேன். சுவரு சுவராத்தான் நிக்கு.

மறுநாள்தான் அண்ணாச்சி குடுத்த கெடு. மிலிட்டரி வந்து கையை நீட்டுதாரு. உப்பு வச்சதைச் சொல்லாமக் குடுத்துட்டேன். அவரு மோந்து பாத்தாரு. என்னைப் பாத்தாரு. துப்பாக்கியில பூட்டி, வலது கண்ணை வச்சாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு.

"நல்லாத் தெளிஞ்சுட்டு ரோசம்மா. கைராசிளா உனக்கு"ன்னாரு.

பட்டாளத்துக் கண்ணு சுண்ணாம்புச் சுவத்தைத் தாண்டிப் பாக்குமோன்னு நினைச்சேன். அவரு நடந்து போறாரு, பின்னால அஞ்சு பூனை போவுது. கருவாட்டு வாடை!

விடிஞ்சுது. அண்ணாச்சி நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. களமே கூடி நிக்குது. களத்துக் கடைசியில ஒரு கம்பு. அது குறுக்க ஒரு குச்சி. குச்சியில ஒரு பழைய பால் பவுடர் டப்பா, தூண்டி நரம்புல கட்டித் தொங்கவிட்டது. காத்துல ஆடிச் சத்தம் போட்டுக் காக்காயை விரட்டணும்னு கட்டினது. காக்காங்க அதுல ஊஞ்சல் ஆடும்.

மிலிட்டரி துப்பாக்கியை எடுத்தாரு. அன்னிக்குக் காக்காங்க செஞ்ச வேலையைக் கேளு. வாடை புடிச்சுக்கிட்டு அவரைச் சுத்தியே வருது! ஒண்ணு அவரு தொப்பி மேல உக்காந்துச்சு. இன்னொண்ணு துப்பாக்கிக் குழாயி மேலயே வந்து உக்காந்து, தூரக்கண்ணாடியைக் கொத்துது.

"சுடும்வே! மூக்கு மேல உக்காந்திருக்கே!"ன்னு அண்ணாச்சி கத்துதாரு.

"கிட்டக்க இருக்கு அண்ணாச்சி. கண்ணாடி தூரத்துக்குள்ளதுல்லா."

"அப்ப அந்தா, கம்புல ஒண்ணு வந்து உக்காருது பாரும். அதைச் சுடும். அது விழலைன்னா நீரு மூட்டையைக் கட்டும்."

மிலிட்டரி முழங்கால் போட்டாரு. கண்ணை வச்சாரு. எனக்கு அங்கனயே அண்ணாச்சி கால்ல விழுந்து, 'நான்தான் கெடுத்தேன், இவருக்கு ஒண்ணும் தெரியாது, சுவத்தைப் பாத்து உக்காந்திருக்காரு'ன்னு சொல்லிரலாமான்னு இருக்கு. ஒரு அடி எடுத்தும் வச்சுட்டேன். அந்த நேரம் பாத்துக் கம்புல இருந்த காக்கா ஒரு காலைத் தூக்கிச்சு. நொண்டிக் காலு!

அண்ணாச்சி நாற்காலியோட எந்திரிச்சாரு. நாற்காலி பின்னால ஒட்டிக்கிட்டே வருது.

"சுடாதலே! அது எங்கப்பா! ஒரு நாள் முந்தியே வந்துட்டாருலே! அப்பா... அப்பா, பறந்துருங்கப்பா!"

டப்!

டப்பா கீழ விழுந்துச்சு பாரு, கடகடன்னு ஒரு சத்தம். களத்துக் காக்கா மொத்தமும் ஒரே கூட்டமா எழும்பிக் கடல் பக்கம் போயிட்டு. நொண்டியும் முழுசா, நல்ல சொகமா, பின்னாலயே பறந்து போச்சு.

மிலிட்டரி எந்திரிச்சு மண்ணைத் தட்டினாரு. "மன்னிக்கணும் அண்ணாச்சி. ஒரு நூல் தள்ளிட்டு."

அண்ணாச்சி ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடிச்சுட்டாரு. நாற்காலியோடதான். கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது, திருநீறு கரைஞ்சு மூக்குத் துண்டுல இறங்குது. "எங்கப்பாவைக் காப்பாத்துனது இந்தக் கண்ணாடிக் கோளாறுதான்வே! இதை இனிமே எவனும் தொடக்கூடாது. எவனாவது சரிபண்ணினான்னு கேள்விப்பட்டேன், அவனையும் உம்மையும் சேத்து வெளிய அனுப்பிருவேன்!" கேட்டியா கதையை? கோளாறு இருக்கிற வரைக்கும் வேலை நிச்சயம்!

எல்லாரும் போனப்புறம் நான் கம்புகிட்டப் போனேன். விழுந்த டப்பாவை எடுத்தேன். டப்பாவுல ஒரு ஓட்டை கிடையாது, ஒரு கீறல் கிடையாது. நரம்புதான் அறுந்திருக்கு. கத்தி வச்சு வெட்டின மாதிரி. காக்கா உக்காந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழ. தூண்டி நரம்பு எம்புட்டு மொத்தம் இருக்கும்? என் தலைமுடியைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கண்ணாடியில சூரியனே தெரியாதுன்னு இந்த ஊருல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பதான் எனக்கு அந்தச் சைக்கிள் பெல்லு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கோலி சோடா. யோசிச்சுப் பாரு பிலோமி. கோலி சோடா வாயி எம்புட்டு இருக்கும்?

கொட்டகைக்குப் போனேன். அவரு துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. நான் டப்பாவை முன்னால வச்சேன்.

"மாமா, உள்ள முழுக்க உப்பு. நான்தான் வச்சேன்."

"தெரியும்ளா. நேத்துல இருந்து எனக்கு வஞ்சிரம் வாடை."

"அப்ப எப்படி அடிச்சீரு?"

"இந்த இடது கண்ணைத் திறந்து, கண்ணாடிக்கு வெளிய பாத்துதான். எப்பவும் அப்படித்தான்." அவரு இடது கண்ணு திறந்திருக்கிறதை அன்னிக்குத்தான் முத தடவை பாத்தேன். நல்ல கண்ணு, மீன் கண்ணு மாதிரித் தெளிஞ்சு.

"அப்ப இத்தனை நாளா... திருகாணி, டியூப்பு, டிக் டிக்கு எண்ணினது எல்லாம்?"

அவரு துப்பாக்கியை ஓரமாச் சாச்சு வச்சாரு. பொறவு மெதுவாச் சொன்னாரு, "காக்காய்க்கும் எனக்கும் என்னளா சண்டை? அது சோத்துக்கு வருது. நானும் சோத்துக்குத்தான் வந்தேன். யாருகிட்டயும் சொல்லிராத, ரெண்டு பேரு பிழைப்பும் போயிரும்."

நான் சொல்லல. எங்க வீட்டுக்காரரு கொழும்புல இருந்து வந்தப்பகூடச் சொல்லல. இன்னிக்குத்தான் உன்கிட்ட சொல்லுதேன், நீயும் உன் கொழுந்தன்கிட்ட மட்டும் சொல்லு, அவன் வாயி மூடட்டும். பொறவு எம் மூத்தவ பிறந்து, மிலிட்டரி அவளைத் தூக்கி வச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடியைக் காட்டுவாரு. பிள்ளை உப்பை நக்கிட்டுச் சிரிக்கும்...

ஏளா! ஏளா, அங்கன பாரு, சாளையில காக்கா! பேசிக்கிட்டே இருந்துட்டோம். அந்தக் குடைக்கம்பை எடு இங்கன. எந்திரி, நகரு, நகரு, நான் குறி வைக்கணும். இப்படி இடது கண்ணை மூடி... மூச்சைப் பிடிச்சு... பயப்படாதளா, அது முழுசாத்தான் போவும். நான் ஒரு நூல் தள்ளித்தான் பிடிச்சிருக்கேன்.